கத்தரிப்பூ நிற மூடி

முப்பது ஆண்டுகளாக நூல்கண்டுகளோடு புழங்கியவள் நான். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் தையற்கடைக்கு ரவிக்கைத் துணியோடு வருகிறவர்களிடம் ஒத்த நிற நூலுக்கு நான் தடுமாறியதே இல்லை. அதனால்தானோ என்னவோ, ரத்தம் எடுக்கும் குழாய்களையும் மூடியின் நிறத்தை வைத்தே நினைவில் வைத்திருக்கிறேன். அணுக்களை எண்ணுவதற்கு எடுப்பது கத்தரிப்பூ நிற மூடி.

மூன்றாவது சுற்றுக் கீமோ முடிந்து வீடு வந்ததிலிருந்து, வாரம் இருமுறை பாலம் கடந்து பினாங்குத் தீவுக்குப் போய் அந்தக் குழாயை நிரப்பிக் கொடுக்கிறேன். லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து எலும்பு மஜ்ஜையில் நல்லதையும் சேர்த்தே அழிக்கிறது. மஜ்ஜை மறுபடி எழுந்துவிட்டதா என்று பார்க்க நாள்தோறும் எலும்பைக் குடைய முடியாதே! ரத்தத்துக்கு வந்து சேரும் புதிய அணுக்களைத்தான் எண்ணுகிறார்கள். சிவப்பணு 120 நாள் வரை உயிரோடிருக்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எட்டு, பத்து நாள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. மஜ்ஜை படுத்துவிட்டால் முதலில் காலியாவது அதுதான்.

அந்தச் சுற்றின் பதினான்காம் நாள் மொத்த வெள்ளையணு 0.4, அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நானூறு; நியூட்ரோஃபில் 0.1. அது 0.5க்குக் கீழே இருக்கும்வரை, காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் நடுநிசியானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிளேட்லெட் 9, அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்பதாயிரம். ஒரு பை ஏற்றினார்கள். அன்று மாலையே என் கணவர் ஊசிப்பெட்டியையும் கத்தரிக்கோல்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முடி கொட்டியபோதுகூட நான் அப்படி அழவில்லை.

பத்தொன்பதாம் நாள் மொத்தம் 0.7. மகிழ்ந்துபோனேன். டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், தாளில் வேறொரு வரியில் விரலை வைத்தார். "ஆன்ட்டி, மொத்தத்தை விடுங்கள். மோனோசைட்டைப் பாருங்கள், 0.3." பெரும்பாலும் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு முதலில் தலைகாட்டும், நியூட்ரோஃபில் பின்னால் வரும் என்றார். நான்கு நாள் கழித்து நியூட்ரோஃபில் 0.6. அதற்குப் பிறகு தாளை வாங்கியதும் என் கண் அந்த வரிக்குத்தான் போகிறது.

பிளேட்லெட்டும் தானாகவே 64க்கு ஏறியது. அடுத்த முறை 18! கணவர் முகம் வெளிறிவிட்டது. எனக்கோ வேறொன்று உறுத்தியது. வழக்கமாக ரத்தம் எடுக்கும் மிஸி (தாதி), குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவார். உள்ளே இருக்கும் உறையாமல் தடுக்கும் மருந்து அப்போதுதான் கலக்கும். அன்று எடுத்தவர், வேலைக்குப் புதியவர் போலும், எடுத்த கையோடு தாங்கியில் செருகிவிட்டார். சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் குழாய்க்குள் சின்னஞ்சிறு ரத்தக்கட்டி. பிளேட்லெட்டுகள் அதில் சிக்கிக்கொண்டால் இயந்திரம் எதை எண்ணும்? மறுபடி எடுத்ததில் 71.

அதற்குள் தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு பால்குடம் நேர்ந்தாகிவிட்டது. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்கிறார் கணவர். சுமக்கப்போவது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

ஹீமோகுளோபின் இன்னும் 8.3, கடை மாடிப்படியில் பாதியில் நின்றுதான் ஏறுகிறேன். ஆனால் நேற்று பிளேட்லெட் 104. சாவியைக் கேட்டேன். வியாழக்கிழமைத் தாளையும் பார்த்துவிட்டுத் தருகிறாராம்.