இதையே மலாய்லயும் போடலாமா அக்கா?

மலேசியாவில், 2023 பினாங்கு மாநிலத் தேர்தலின்போது, விளம்பரம் ஏற்றும் எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தம்பி கேட்ட கேள்வி இது. இன்னும் என்னை விடவில்லை.

பிரச்சாரத்துக்கு இருந்ததே 14 நாள்; ஆகஸ்ட் 11 நள்ளிரவோடு நின்றுவிட வேண்டும். கட்சிக்காரர் அனுப்பிய படம் திரையில் இருந்தது. பூட்டிய கோயில் கதவு, மேலே காய்ந்துபோன மாவிலைத் தோரணம். 'அவர்கள் வந்தால் இதுதான் கதி. நம் கோயிலை காப்போம்.' அதே வேட்பாளரின் மலாய் விளம்பரத்தில் கோயிலும் இல்லை, பயமும் இல்லை. எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் வீடு.

தம்பி கேட்டதும், "அது நம்ம வேலை இல்லப்பா, பிழை பார்த்துட்டு ஏத்து" என்றேன். 'கோயிலை'க்குப் பிறகு ஒற்று விட்டுப் போயிருந்தது. 'கோயிலைக் காப்போம்' என்று திருத்தினேன். நான் திருத்தியது அது ஒன்றைத்தான்.

இனம், மதம், அரசியல் சார்பு பார்த்து ஆள் பிரிக்கும் வசதிகளை ஃபேஸ்புக் 2022 ஜனவரியிலேயே எடுத்துவிட்டது. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மொழி தமிழ், வயது 45க்கு மேல், பிறை ஊர்ப் பக்கம் வரைபடத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சில கிலோமீட்டர். யார் கண்ணில் படும் என்று சொல்லவா வேண்டும்?

ஆனால் சட்டப்படி நடந்த வேலை அது. பணம் கட்டியவர் பெயர் விளம்பரத்தின் மேலேயே இருந்தது. ஃபேஸ்புக்கின் விளம்பர நூலகத்தில் ஏழு வருடம் இருக்கும், யாரும் பார்க்கலாம். அரசியல் விளம்பரத்துக்கே தடை போட்டால் மட்டும் என்ன ஆகும்? டிக்டாக் அரசியல் விளம்பரம் வாங்குவதே இல்லை. ஆனாலும் 2022 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு 1969 மே 13 இனக் கலவரத்தைச் சொல்லி மிரட்டும் வீடியோக்கள் அங்கேதான் பரவின. விளம்பரத்தை மூடினால் பணம் இணையப் பிரபலங்களின் பைக்குப் போகும். அதற்குக் கணக்கும் இருக்காது, பெயரும் இருக்காது. சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 100,000 வெள்ளி (ரிங்கிட்), ஆனால் கட்சி செய்யும் செலவு அதில் சேராது. ஊரில் பெயர் தெரியாத புது ஆளுக்கு இருநூறு வெள்ளி விளம்பரம்தான் வழி. தடை வேண்டாம் என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் வீட்டுக்குப் போனபோது அம்மா போனை நீட்டினார். "நம்ம கோயில மூடப் போறாங்களாமே?" அதே கதவு, அதே தோரணம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். மேல் பகுதி வெட்டப்பட்டிருந்தது. பணம் கட்டியவர் பெயர் அதோடு போய்விட்டது. என் ஒற்று மட்டும் அப்படியே இருந்தது.

"அது விளம்பரம்மா."

"விளம்பரம்னா? பொய்யா?"

பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யார் போட்டது என்று கேட்பார். சாப்பாடு ஆறுது என்று பேச்சை மாற்றினேன்.

அப்புறம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விளம்பரம் இருக்கட்டும், ஆள் பிரித்துக் காட்டுவது வேண்டாம். தெருவில் கட்டும் பேனர் மாதிரி எல்லார் கண்ணிலும் படட்டும். கூகள் 2020-லேயே தேர்தல் விளம்பரங்களுக்கு வயது, பாலினம், இடம் என்று பிரிப்பைக் குறுக்கியது. ஆனால் எங்கள் விஷயத்தில் அது போதுமா? தமிழில் எழுதினாலே வேலி விழுந்துவிடுகிறது. எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) முன்னால் அந்தப் பேனர் தொங்கினாலும் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதற்காகத் தமிழில் போடக்கூடாது என்றால், அம்மாவிடம் யார்தான் ஓட்டுக் கேட்பார்கள்?

தம்பி இப்போதும் பக்கத்து மேசையில்தான் இருக்கிறான். அவன் மறுபடி கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. தமிழ் விளம்பரம் வந்தால் ஒற்று சரியா என்று மட்டும் என்னிடம் காட்டுகிறான்.