ஆடாசிட்டி தேடிய எண்

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில், வந்து சேரும் ஒலிக்கோப்புகளைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் வேலை என்னுடையது. வாசிப்பவர்கள் மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் பெரம்பூரிலும் அவரவர் வீட்டில், குக்கர் விசில் அடங்கியதற்கும் காய்கறி வண்டிக்காரர் தெருவுக்குள் நுழைவதற்கும் இடையே கிடைக்கும் அமைதியில், கையிலிருக்கும் கைப்பேசியிலேயே பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதனால் ஒருவரிடமிருந்து எம்4ஏ கோப்பு வரும், இன்னொருவரிடமிருந்து வாட்ஸ்அப் குரல் செய்தி வரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய பட்டன் போனில் பதிவு செய்வதால் அவருடையவை எல்லாம் ஏஎம்ஆர் என்ற பழைய குரல்பதிவு வடிவம். இந்த மூன்றும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என் மடிக்கணினியில், ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறக்க வேண்டும்.

ஆடாசிட்டி வேவ், ஏஐஎஃப்எஃப், ஃபிளாக், ஆக் வோர்பிஸ், எம்பி3 ஆகியவற்றைத் தானாகவே திறக்கும். எம்பி3 ஆக ஏற்றுமதி செய்ய ஒரு காலத்தில் லேம் என்ற நூலகத்தை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, தனியாக நிறுவ வேண்டியிருந்தது. எம்பி3 காப்புரிமைகள் 2017-இல் முடிவுக்கு வந்த பிறகு, 2.3.2 பதிப்பிலிருந்து அது உள்ளேயே வந்துவிடுகிறது. எம்4ஏ, டபிள்யூஎம்ஏ, ஏசி3, ஏஎம்ஆர் போன்றவற்றுக்கும் வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் எடுப்பதற்கும், பல வகை ஒலி, காணொளிக் கோப்புகளை வாசிக்கத் தெரிந்த எஃப்எஃப்எம்பெக் நூலகங்கள் தேவை. அவை ஆடாசிட்டியோடு சேர்ந்து வருவதில்லை. கணினியில் இருந்தால், ஆடாசிட்டி இயங்கும்போது தேடி எடுத்துக்கொள்ளும். எதைத் தேடுகிறது என்பதில்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்.

உபுண்டுவை 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்திய மறுநாள், முந்தைய வாரம் வரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த எம்4ஏ கோப்புகள், எஃப்எஃப்எம்பெக் இல்லாமல் திறக்க இயலாது என்ற செய்தியோடு நின்றுவிட்டன. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் பார்த்தால் எஃப்எஃப்எம்பெக் நிறுவப்பட்டிருக்கிறது, அதே கோப்பை அது சிரமமின்றி வாசிக்கவும் செய்கிறது. ஆனால் ஆடாசிட்டியில் பிரிஃபரன்சஸ் சாளரத்தைத் திறந்து லைப்ரரீஸ் பகுதிக்குப் போனால், நூலகம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவரை ஊரில் இல்லை என்று சொல்வது போல.

காரணம் எண். ஒலியைப் பொதிந்து வைத்திருக்கும் கோப்பின் உறையைப் பிரிக்கும், எஃப்எஃப்எம்பெக்கின் ஒரு பகுதியான லிப்ஏவிஃபார்மட் என்ற நூலகத்துக்கு, எஃப்எஃப்எம்பெக்கின் பதிப்பு எண்ணிலிருந்து வேறுபட்ட ஓர் எண் உண்டு. எஃப்எஃப்எம்பெக் 4 என்றால் அது 58, 5 என்றால் 59, 6 என்றால் 60, 7 என்றால் 61. உபுண்டு 22.04-இல் இருந்தது எஃப்எஃப்எம்பெக் 4.4, 24.04-இல் இருப்பது 6.1. நான் பயன்படுத்தியதோ 2021-இல் இறக்கி வைத்த ஆடாசிட்டி 3.1-இன் ஆப்இமேஜ், அதாவது நிறுவாமலே நேரடியாக இயக்கக்கூடிய ஒற்றைக் கோப்பு. அதற்கு 60 என்ற எண்ணே தெரியாது. தனக்குத் தெரிந்த 58-ஐத் தேடியது, அது மேம்படுத்தலோடு போய்விட்டிருந்தது.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 என்று முடியும் கோப்புக்கு 58 என்று முடியும் பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பு, அதாவது அதே கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர், உருவாக்கினால் ஆடாசிட்டி ஏமாந்துவிடும் என்று நினைத்தேன். ஏமாறவில்லை. கதவில் பெயர்ப்பலகையை மாற்றினாலும், நூலகம் தன் எண்ணைத் தானே சொல்லிவிடுகிறது. ஏமாந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், ஏனென்றால் முதன்மை எண் மாறுகிறது என்றாலே உள்ளே தரவுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறியிருக்கிறது என்று பொருள். பழைய அடுக்கை நம்பிக் கை நீட்டும் நிரல் பாதி வேலையில் விழுந்துவிடும். பழைய ஆப்இமேஜை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கியதும் சிக்கல் தீர்ந்தது.

மென்பொருளைத் தனிப் பொதியாகத் தரும் ஃபிளாட்பேக், ஸ்னாப் வழியாக நிறுவியவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். அவை தமக்கென்று சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்பவை. உபுண்டுவின் வழக்கமான நிறுவல் கட்டளையான ஆப்ட்டில் எத்தனை முறை எஃப்எஃப்எம்பெக்கை நிறுவினாலும் சுவருக்கு அப்பால் இருப்பது அவற்றின் கண்ணில் படாது. டிஸ்ட்ரோவின், அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பின், சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவுவதே குறைந்த தலைவலி என்பது என் கருத்து. பதிப்பு சற்றுப் பழையதாக இருந்தாலும், ஆடாசிட்டியும் எஃப்எஃப்எம்பெக்கும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்கப்பட்டவை.

வாட்ஸ்அப் குரல் செய்திகளில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கோப்பின் பெயர் ஆக் என்று முடிந்தாலும் உள்ளே இருப்பது வோர்பிஸ் அல்ல, ஓபஸ் என்ற வேறொரு ஒலிச்சுருக்க முறை. தூக்குச்சட்டி ஒன்றுதான், உள்ளே இருக்கும் குழம்பு வேறு. ஆக் கோப்பைத் திறக்கத் தெரிந்த பழைய பதிப்புகளும் இங்கே திகைத்து நிற்பதற்கு அதுவே காரணம். எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் கட்டளையைக் கோப்பின் மீது ஏவினால், உறை எது, உள்ளே இருப்பது எது, மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) எவ்வளவு என்று சில வரிகளில் சொல்லிவிடும். இப்போதெல்லாம் பெயரின் வாலை நம்பாமல் முதலில் அதைத்தான் கேட்கிறேன். முப்பது நாற்பது கோப்புகள் ஒன்றாக வந்தால் ஆடாசிட்டிக்குள் ஒவ்வொன்றாக இழுப்பதில்லை. முனையத்தில், ஒரே கட்டளையை ஒவ்வொரு கோப்புக்கும் திரும்ப இயக்கும் ஒரு சிறு சுழற்சி எழுதி எல்லாவற்றையும் ஒற்றைத்தட வேவ் கோப்புகளாக மாற்றிக்கொண்டு பிறகுதான் திருத்த உட்காருகிறேன்.

ஆசிரியரின் ஏஎம்ஆர் கோப்புகளும் இப்போது திறக்கின்றன. ஆனால் திறப்பது வேறு, நன்றாகக் கேட்பது வேறு. குறுகிய அலைவரிசை ஏஎம்ஆர் நொடிக்கு 8,000 மாதிரிகளே எடுப்பதால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாவதில்லை, ‘ஸ்’ என்ற ஒலியின் உயிரோ பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஒரு மணி நேரப் பதிவு, 12.2 கிலோபிட் வீதத்தில், ஏறத்தாழ 5.5 எம்பி, அதையே 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஒற்றைத்தட வேவாக மாற்றினால் 317 எம்பி ஆகிறது. கோப்பு பெருத்ததே தவிர, போன ஒலி திரும்பவில்லை. அவர் வாசித்த இலக்கணப் பகுதிகளில் வடமொழிச் சொற்கள் வரும் இடங்களை எத்தனை ஈக்வலைசர் போட்டும் தெளிவாக்க முடியவில்லை.

தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். “அதற்கென்ன தம்பி, ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருவாள், அவள் போனில் படித்துத் தருகிறேன்” என்றார். அந்த வாரமே எம்4ஏ வந்தது. இரண்டாம் நிமிடத்தில் அடுத்த அறையிலிருந்து தொலைக்காட்சி கேட்டது. அதை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.