மலை கொரில்லா பார்க்க: முதலில் பெர்மிட், டிக்கெட் அப்புறம்

மலை கொரில்லா பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதல் வேலையாக விமான டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேரைத்தான் விடுவார்கள், அதுவும் ஒரு மணி நேரம்தான். ருவாண்டாவில் பன்னிரண்டு குடும்பங்களுக்குமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 96 பெர்மிட். மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையும் போக நினைத்தால் ஆறு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். பெர்மிட் தேதி கையில் வந்த பிறகு டிக்கெட், அதன் பிறகு அறை.

எந்த நாட்டில் பார்ப்பது? வெளிநாட்டவருக்கு ஒரு பெர்மிட் ருவாண்டாவில் 1,500 டாலர். உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர். காங்கோ எப்போதும் மலிவு, ஆனால் கிழக்குக் காங்கோவில் சண்டை ஓயாத நிலையில் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ருவாண்டாவில் பணம் அதிகம், அலைச்சல் குறைவு: தலைநகர் கிகாலியிலிருந்து கொரில்லாப் பூங்காவுக்குப் பக்கத்து ஊரான முசான்சே இரண்டு, இரண்டரை மணி நேரம், நல்ல சாலை. உகாண்டாவில் என்டெபே விமான நிலையத்தில் இறங்கினால் கொரில்லாக்கள் இருக்கும் புவிண்டிக் காட்டுக்குக் காரில் எட்டு முதல் பத்து மணி நேரம். நான்கு பேர் சேர்ந்து போனால் பெர்மிட்டில் மட்டும் 2,800 டாலர் மிச்சம் என்பதால், உடம்பு ஒத்துழைக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது உகாண்டாதான். இடைவழி ஒன்றும் உண்டு. கிகாலியில் இறங்கி, கத்துனா அல்லது சியானிக்கா எல்லையைத் தாண்டினால் புவிண்டியின் தென்பகுதிக்கு நான்கைந்து மணி நேரத்தில் போய்விடலாம். வாடகைக் காரில் எல்லை தாண்டுவதானால் அதற்கான காப்பீட்டுத் தாள் வண்டியில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ருவாண்டாவில் வண்டி வலப்பக்கம் ஓடும், உகாண்டாவில் நம்மைப் போல இடப்பக்கம்.

உகாண்டாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதிகம் தடுமாறுவது செக்டர் விஷயத்தில். புவிண்டியில் நான்கு செக்டர்கள், அதாவது நடை தொடங்கும் பகுதிகள்: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகாவும் ந்குரிங்கோவும். பெர்மிட் ஒரு செக்டருக்கு மட்டுமே செல்லும். வரைபடத்தில் புஹோமாவும் ந்குரிங்கோவும் பக்கத்துப் பக்கத்து ஊர் போலத் தெரியும். நடுவே காடு. நடந்து கடக்கப் பாதை உண்டு, கார் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும், அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். காலை ஏழரைக்குச் செக்டர் அலுவலகத்தில் இருக்க வேண்டியவர் புஹோமாவில் அறை போட்டுவிட்டு ருஷாகா பெர்மிட்டை வைத்திருந்தால் அன்றைய பணம் போனது போலத்தான். அறைக்கு முன்பணம் கட்டும் முன் பெர்மிட்டில் எந்தச் செக்டர் பெயர் இருக்கிறது என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

செக்டருக்குச் செக்டர் நடையும் மாறும். ந்குரிங்கோவில் சரிவு செங்குத்து, இறங்கியதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் புஹோமாவைக் கேட்பது நல்லது. ருஷாகாவில்தான் குடும்பங்கள் அதிகம், எனவே கடைசி நேரத்தில் இடம் கிடைக்க வாய்ப்பு அங்கேதான். மனிதருக்கு இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு நான்கு மணி நேரம் இருக்கும் தனிப் பெர்மிட்டும் தென்பகுதியில் உண்டு. நான்கு பேர்தான், தலைக்கு 1,800 டாலர். முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு மணி நேரமே போதும் என்பது எங்கள் கருத்து.

ருவாண்டாவில் எந்தக் குடும்பம் என்பதைக் காலை ஏழு மணிக்குக் கினிகியில் உள்ள பூங்காத் தலைமையகத்தில், ஆளின் வயதையும் உடல் நிலையையும் பார்த்து முடிவு செய்வார்கள். தூரம் நடக்க முடியாதென்றால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கிருந்து நடை தொடங்கும் இடம் வரை போக உங்களுக்கென்று நாலு சக்கரமும் இயங்கும் (4x4) வண்டி வேண்டும். பெர்மிட் விலையில் அது சேராது.

ருவாண்டா பெர்மிட்டை அந்நாட்டு வளர்ச்சி வாரியமான ஆர்.டி.பி.யின் இணையதளத்திலேயே வாங்கலாம். உகாண்டாவில் வனவிலங்கு ஆணையம்தான் தருகிறது, வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்குப் பதிவு பெற்ற சுற்றுலா முகவர் வழியாகப் போவதே எளிது. முகவரிடம் பணம் கட்டிய ரசீதோடு நிற்காமல் பெர்மிட்டின் நகலையே கேட்டு வாங்குங்கள். பெர்மிட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், காலையில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம் ஆட்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை: இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட், குடும்பப் பெயர்க் கட்டம் காலியான பாஸ்போர்ட். பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தையே அனுப்பிவிட்டால் இது வராது. 15 வயது நிறையாதவர்களுக்குப் பெர்மிட் கிடையாது.

விசாவில், இரு நாடுகளுக்கும் போகிறவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா: 100 டாலர், 90 நாள், கென்யாவும் சேர்த்தி. எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும்.

உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், ஆயுளுக்கு ஒருமுறை போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போகும்போது யாரும் கேட்கவில்லை என்று அசட்டையாக இருக்கக் கூடாது. உகாண்டாவிலிருந்து திரும்புகிறவரிடம் சான்று இல்லையென்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு.

நடை ஒரு மணி நேரத்திலும் முடியும், ஆறு மணி நேரமும் ஆகும். கொரில்லாக்கள் நேற்று இரவு எங்கே படுத்தன என்பதைப் பொறுத்தது அது. முழுக்கால் சட்டை, அதன் முனையைச் சாக்ஸுக்குள் சொருக வேண்டும், இல்லையென்றால் எறும்புகள் தொடை வரை வந்துவிடும். காஞ்சொறிச் செடி அதிகம், எனவே தோட்ட வேலைக்கான தடித்த கையுறை. வறண்ட மாதமானாலும் மழைக்கோட்டு. பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள், ருவாண்டாவில் 2008 முதல் அதற்குத் தடை. போர்ட்டர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 20 டாலர். பை கனமில்லாவிட்டாலும் வைக்கலாம், வழுக்கும் சரிவில் கை கொடுத்து இழுப்பது அவர்தான். பெரும்பாலும் காட்டோரக் கிராமத்தவர்கள், இந்தக் காசு நேராக அவர்கள் வீட்டுக்குப் போகிறது. டாலர் நோட்டு புதிதாகவும் கிழிசல் இல்லாமலும் இருக்கட்டும். 2009-க்கு முந்தைய நோட்டை வாங்க மாட்டார்கள்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் ரேஞ்சர் விடமாட்டார். மறைத்துப் போவதும் தவறு, நமக்குச் சாதாரணமான சளி கொரில்லாக்களைக் கொல்லக்கூடும். முகக்கவசமும் விலகி நிற்கும் தூரமும் அதற்காகத்தான். கேமராவில் ஃபிளாஷை அடியோடு அணைத்துவிடுங்கள். கறுப்பு உரோமத்தைக் கண்டதும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி முகத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, ஒளி உணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 1,600-க்கு மேல் ஏற்றி வைத்தால், இலை நிழலிலும் கண் தெளிவாக விழும்.