மாமனார் தோசை மாவோட படுத்த கதை

மாமனாருக்கு ஆறு மாச விசா, அதுல நாலு மாசம் அமெரிக்காவுல எங்க ஆஷ்பர்ன் வீட்டு ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு நாயப் பாத்தே ஓடிப்போச்சு, பாவம் அப்பாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு வீட்டம்மா நச்சரிக்கவும் போன அக்டோபர் லாங் வீக்கெண்டுக்கு வெஸ்ட் வர்ஜீனியால வாட்டோகா ஸ்டேட் பார்க்ல டென்ட் போட எடம் புக் பண்ணேன். ஆத்தங்கரையான்னு கேட்டாரு. ஆமா மாமா, கிரீன்பிரையர் ஆறு, டென்ட்டுக்குப் பக்கத்துலயே ஓடும்னேன். வாடகை எவ்ளோன்னு கேட்டாரு, சொன்னேன். "ஆத்தங்கரைல தரையில படுக்கவா காசு மாப்ள? திருவையாத்துல நாங்க சும்மால்ல படுத்துக் கெடந்தோம்!"

வீட்டம்மாவுக்கு வேற கனவு. ஆத்தோரம் விறகடுப்பு மூட்டி, இரும்புக் கல்லு போட்டு, முறுகலா தோசை. அதுக்குன்னு கெளம்புற அன்னைக்குக் காலைலதான் மாவு அரைச்சு எவர்சில்வர் தூக்குல ஊத்தி எடுத்துக்கிட்டாங்க, போய்ச் சேர்றதுக்குள்ள பொங்கிரும்னு கணக்கு. ஆஷ்பர்ன்லேர்ந்து அஞ்சு மணி நேரம். வழியெல்லாம் மலை, மேப்பிள் குங்குமத்தக் கொட்டுன மாதிரி நிக்குது, ஹிக்கரி மஞ்சத்தூளு, ஓக் மட்டும் பழைய பித்தளைக் குண்டான் கலர். மாமனாரு மொதல்ல "அடேங்கப்பா"ன்னாரு, அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "இம்புட்டு சருகையும் யாரு கூட்டுவா?"ன்னாரு.

பார்க் கிட்ட போறப்பவே போன்ல டவர் செத்துப்போச்சு. வாட்டோகா, வெஸ்ட் வர்ஜீனியாவுலயே பெரிய ஸ்டேட் பார்க், பத்தாயிரம் ஏக்கருக்கு மேல. டவர் கெடைக்காததுக்கு மலையும் காடும் ஒரு காரணம், இன்னொரு காரணம் அந்த ஏரியாவே 1958லேர்ந்து ரேடியோ சத்தம் கம்மியா இருக்கணும்னு அரசாங்கம் ஒதுக்கி வெச்ச மண்டலம். வடக்க ஒரு மணி நேரத் தூரத்துல கிரீன் பேங்க்ல 100 மீட்டர் அகல டிஷ்ஷோட ஒரு டெலஸ்கோப் இருக்கு, எந்தப் பக்கம் வேணாலும் திருப்புற மாதிரி ரேடியோ டெலஸ்கோப்ல உலகத்துலயே அதான் பெருசு, வானத்துலேர்ந்து வர்ற முணுமுணுப்பக் கேக்குற காதுக்குப் பக்கத்துல நம்ம டவரு கத்தக்கூடாதுன்னு கட்டுப்பாடு. இத மாமனாருக்கு வெளக்குனேன். "நட்சத்திரம் பேசுறது கேக்கணும்னு மனுசன் வாயக் கட்டிட்டானுங்க, அதான"ன்னாரு. எனக்கு இதுக்கு மேல சுருக்கமா சொல்லத் தெரியல. டென்ட் எப்பிடி அடிக்கிறதுன்னு யூடியூப்ல பாத்துக்கலாம்னு வந்தவன் கதி என்னன்னு தனியா எழுதல. மூணு தடவ சரிஞ்சுது. போதும்.

விஷயத்துக்கு வர்றேன். சாயங்காலம் ரேஞ்சர் வந்து, சாப்பாட்டு சாமான், பல்லு வெளக்குற பேஸ்ட் உட்பட வாசனை வர்ற எதையும் டென்ட்டுக்குள்ள வெக்காதீங்க, கார்ல போட்டுப் பூட்டுங்க, கரடி நடமாட்டம் உண்டுன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த ஸ்டேட்டோட விலங்கே கருங்கரடிதான். உடனே எம் பையன் ஆரம்பிச்சுட்டான், தாத்தா கரடிக்கு நாய விட மோப்பம் ஜாஸ்தி தெரியுமா, தாத்தா கரடி மரமேறும் தெரியுமான்னு. தாத்தா கவலை வேற. மாவுத் தூக்குவாளியத் தொறந்து பாத்தாரு, மாவு அரைச்சப்ப இருந்த மாதிரியே கல்லு மாதிரி கெடக்கு. கார் டேஷ்போர்டுல 38 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 3 டிகிரி. ஃப்ரிட்ஜுக்குள்ளயும் கிட்டத்தட்ட இதே கூலிங்குதான். "இது கார்ல கெடந்தா பொங்காது பாப்பா"ன்னு மகள்ட்ட சொன்னாரு. பரவால்லப்பா, காலைல பிரெட்டு சாப்புடுவோம்னுட்டா. பிரெட்டுன்னதும் அவரு மூஞ்சி போன போக்க நான் கவனிச்சிருக்கணும்.

ராத்திரி வானத்தப் பத்தி ஒரு வரி சொல்லிடுறேன், 2021ல அந்த பார்க்குக்கு இருள்வான் பூங்கான்னு சர்வதேச அங்கீகாரம் குடுத்துருக்காங்க, சும்மா குடுக்கல. பால்வீதிய நான் கண்ணால பாத்து இருபது வருசமாச்சு.

படுத்தோம். பதினோரு மணி வாக்குல டென்ட்டு மேல "டொக்". கொஞ்ச நேரம் கழிச்சு கார் மேல "டங்". அப்பறம் பெஞ்சு மேல கவுத்து வெச்ச தோசைக்கல்லுல "ணங்". யாரோ நின்னு நெதானமா குறிபாத்துக் கல்லெறியிற மாதிரி. எல்லாரும் முழிச்சுக்கிட்டோம், ஒருத்தரும் அசையல. மாமனார் மட்டும் கிசுகிசுன்னு, "மாப்ள, குட்டிச்சாத்தான் வேலை மாதிரி இருக்கு, எங்க பாட்டி ஊர்ல ஒரு வீட்டுல இப்பிடித்தான் ராத்திரி ராத்திரி ஓட்டு மேல கல்லு விழும்"னாரு. வெஸ்ட் வர்ஜீனியால குட்டிச்சாத்தான் ஏது மாமான்னு கேக்க வாயெடுத்தேன், அப்ப டென்ட்டுக்கு உள்ளயே, என் காதுக்கு ஒரு அடி தள்ளி "டப்"புன்னு ஒரு சத்தம். நான் போட்ட கூச்சல்ல ஆத்துக்கு அந்தாண்ட ஏதோ ஒரு நாய் கொலைச்சுது.

டார்ச் அடிச்சுப் பாத்தா மாமனாரு குரங்குக் குல்லாயோட ஸ்லீப்பிங் பேக்ல ஒக்காந்துருக்காரு, நெஞ்சு பெருசா பொடைச்சுருக்கு, ஜிப் வழியா வெள்ளையா நொர நொரயா வழியுது. எனக்கு ஒரு செகண்டு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அப்பறம்தான் வாசனை வந்துச்சு. மனுசன் எங்களுக்குத் தெரியாம தூக்குவாளியக் கார்லேர்ந்து எடுத்துட்டு வந்து, சால்வையில சுத்தி, வயித்தோட அணைச்சுக்கிட்டுப் படுத்துருக்காரு! உடம்புச் சூட்டுல மாவு ஜம்முனு பொங்கி மூடியத் தள்ளிருச்சு. "பொங்கிருச்சு பாப்பா"ன்னாரு, புள்ள பொறந்துருச்சுங்குற மாதிரி. அவ தலைல அடிச்சுக்கிட்டா. வாசனைக்குக் கரடி வந்துரும்னு தாத்தாவ டிஷ்யூ போட்டு வழிச்சு, தூக்குவாளிய நான்தான் ஓடிப்போய்க் கார்ல வெச்சேன். அந்த இருபது அடிக்குள்ள மண்டையில "டொக்".

விடிஞ்சதும் பாத்தா தரையெல்லாம் தொப்பி போட்ட ஓக் கொட்டை. இலையுதிர் காலத்துல அதான் உதிருதாம். மாமனாரு ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டு, "கொட்டப்பாக்கு மாதிரியே தொவர்க்குது மாப்ள, வெத்தலை மட்டும் இருந்தா"ன்னு இழுத்தாரு. பக்கத்து சைட்டு வெள்ளக்காரப் பெரியவர்கிட்ட ராத்திரி சத்தம் போட்டதுக்கு மன்னிப்பு கேட்டு, ஓக் கொட்டைக்கா பயந்தோம்னு சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, இந்த மாசம் கரடிங்க குளிர் தூக்கத்துக்குக் கொழுப்பு சேக்குறதே இந்தக் கொட்டையத் தின்னுதான்னாரு. நான் சிரிக்கிறத நிறுத்திட்டேன்.

மிச்ச மாவுல பதினாலு தோசை வந்துச்சு. ஆத்து மேல பனி எழும்புது, கல்லுல நல்லெண்ணெய் வாசனை, அந்தப் பெரியவர் ரெண்டு தோசை மொளகாப்பொடியோட சாப்ட்டுட்டு, கண்ணுல தண்ணியோட இதுக்கு ஈஸ்ட் போடுவீங்களான்னு கேட்டாரு. எல்லாரும் மாமனாரப் பாத்தோம்.

ஸ்லீப்பிங் பேக் ஃப்ரெண்டுகிட்ட ஓசி வாங்குனது. ரெண்டு தடவ தொவைச்சுக் குடுத்தும் அதுல படுத்தா பசிக்குதுடான்னு சொல்றான். மாமனாரு ஊருக்குப் போயிட்டாரு, போன வாரம் போன்ல பேசுறப்ப, "அடுத்த தடவ வர்றப்ப கொஞ்சம் அகலமான பையா வாங்கி வைங்க மாப்ள, இட்லிக்கும் சேத்து அரைச்சுக்கலாம்"னாரு.