ஜாரைக் கவிழ்த்து ஒரு படம்

இன்று காலை கண்ணில் பட்ட விற்பனைப் படம்: ஒரு பழைய மிக்ஸி. ஸ்டீல் ஜாரின் நடுவே ஃப்ளாஷ் வெள்ளைத் திட்டாக அடித்திருந்தது. ஜார் நசுங்கியிருக்கிறதா, இல்லையா? தெரியவே இல்லை.

ஸ்டீல் கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும்.

ஃப்ளாஷை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் கறுப்பு நிழல் மறையும். வீட்டு விளக்குகளும் வேண்டாம். இரண்டு வெளிச்சம் கலந்தால் வெள்ளை பாடி ஒரு பக்கம் மஞ்சளாகத் தெரியும்.

லென்ஸைத் துடைத்துவிட்டு, நாலைந்து அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம். மிகக் கிட்டப் போனால் முன்பக்கம் ஊதி வடிவமே மாறிவிடும்.

விவரம் தெரிந்தவர் தேடுவது கப்ளரை, அதாவது ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பல் வைத்த பாகத்தை. ஜாரைக் கவிழ்த்து, அடியில் அதன் பற்கள் தெளிவாகத் தெரிய ஒரு படம் கட்டாயம். தேய்ந்திருந்தால் தேய்ந்தபடியே தெரியட்டும். படத்தை நம்பி இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாட்ஸ் அச்சடித்த லேபிள் ஒன்று. கீறல் இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள், அளவு புரியும்.

ஃபில்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.