நந்திக்கடலில் ஒரு பாய்ப்படகு

மாசி மாதம் தொடங்கி இன்றுவரை, ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நந்திக்கடலில் பாய்ப்படகு ஓட்டப் பழகி வருகிறேன். நந்திக்கடல் என்றவுடன் எவருக்கும் 2009 ஆம் ஆண்டே முதலில் நினைவுக்கு வரும், எனக்கும் அப்படித்தான். ஆயினும் வட்டுவாகல் பாலத்தடியில் வலை வீசுபவர்களுக்கு அது அன்றாடம் சோறு போடும் களப்பு. மாரி மழையில் நிறைந்த தண்ணீர் வற்றத் தொடங்குமுன், காற்றும் தணிந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு ஏற்றவை.

படகு லேசர் என்னும் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 4.2 மீற்றர் நீளமும் 7 சதுர மீற்றர் பாயும் கொண்ட இப்படகை ஒருவரே ஓட்டலாம். கனடாவில் ஓட்டிப் பழகிய மச்சான், போல்கொடை ஏரிப் பக்கம் பழையது ஒன்றை வாங்கி லொறியில் அனுப்பிவைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று விற்றவர் சொன்னாராம். படகின் பின்பக்கத்தில், உள்ளே கசிந்த தண்ணீரை வடிப்பதற்கு ஒரு துளை உண்டு. அதற்குரிய அடைப்பு மட்டும் இல்லை. பழைய ரப்பர்ச் செருப்பின் குதியை வெட்டிச் செதுக்கி அடைத்தோம். அந்த அடைப்புத்தான் இன்றும் இருக்கிறது.

முதல் பாடம் கரையிலேயே நடந்தது. இளமையில் பாய் கட்டிய வள்ளத்தில் தொழிலுக்குப் போன என் பெரியப்பா, “காத்து எங்காலை வருது எண்டு சொல்லு பாப்பம்” என்றார். நான் தென்னோலைகளைப் பார்த்தேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்லத் திருப்பச் சொன்னார். இரண்டு காதுகளிலும் இரைச்சல் ஒரே அளவாகக் கேட்கும்போது காற்று நேர் முகத்தில் அடிக்கிறது என்று பொருள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளின் பெயர்களை மட்டும் அறிந்திருந்த எனக்கு, அதைக் காதால் அளக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது.

பாயைப் பற்றிய பாடம் தொலைபேசியில் மச்சானிடமிருந்து வந்தது. பாய்க்கயிற்றை விட்டுக்கொடுத்தால் பாயின் முன்விளிம்பு படபடக்கும்; படபடப்பு அடங்கும் வரை மட்டும் இழுத்து, அதற்குமேல் ஓர் அங்குலமும் இழுக்காமல் நிறுத்த வேண்டும். நானோ பாய் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு வேகம் கிடைக்கும் என்று நம்பி, உள்ளங்கை சிவக்கச் சிவக்க இழுத்தேன். படகு சரிந்ததே தவிர நகரவில்லை. படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை எதற்கென்பதும் அப்போதுதான் விளங்கியது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையில் அழுத்தினால் அது முன்னோக்கித் துள்ளுவதைப் போல, பாயில் காற்றும் பலகையில் நீருமாக இரு பக்கமும் நெருக்க, படகு முன்னே நழுவுகிறது. பலகை இல்லாவிட்டால் அது நண்டைப் போலப் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும்.

காற்றுக்கு நேரெதிராக எந்தப் பாய்ப்படகும் ஓடாது. ஏறத்தாழ 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓடி, பின் திரும்பி மறுபக்கம் ஓடி, வளைந்து வளைந்தே மேலேற வேண்டும். ஒரு கிலோமீற்றர் எதிர்க்காற்றில் போக ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கும். (வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், இந்த வித்தை தெரிந்தவர்களின் கையில் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. எனக்கோ பாலத்தடியிலிருந்து கூப்பிடு தூரம் போகவே ஒரு காலைப்பொழுது தேவைப்பட்டது.) திரும்பும்போது வேகம் போதாவிட்டால் படகு காற்றின் முகத்திலேயே நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கும். சுக்கான் பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு மறுபக்கம் திரும்புவதுதான் இப்படகின் இயல்பு; பின்னோக்கி ஓடும்போது அதுவும் தலைகீழாகிவிடுவதால், பயந்தவன் செய்வதெல்லாம் பிழையாகவே முடிகிறது.

பங்குனியில் ஒருநாள் திடீரென்று காற்று ஓங்கியது. படகு சரியச் சரிய, விழாமலிருக்கப் பிடித்துக்கொள்ளும் கொடிபோலப் பாய்க்கயிற்றையே இறுகப் பற்றினேன். “கயித்தை விடு! தம்பி, கயித்தை விடு!” என்று பெரியப்பா கரையிலிருந்து கத்தியது கேட்டது, கைதான் கேட்கவில்லை. கவிழ்ந்தபின் எழுந்து நின்றால் தண்ணீர் நெஞ்சளவுதான். ஆழமான நீரில், நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி உடல் பாரத்தைக் கொடுத்தால் படகு நிமிரும் என்கிறார்கள். இங்கோ பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றது. பலகையில் தொங்கினால் மரம் முறியும் என்று பயந்து, நுனிப் பக்கம் நடந்துபோய் இரு கைகளாலும் அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். அதன்பின் முகப்பைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்து நிமிர்த்த வேண்டும். இல்லையேல் நிமிர்ந்த கையோடு பாய் காற்றை வாங்கி மறுபடியும் சாய்ந்துவிடும். எனக்கு இரண்டு தடவை சாய்ந்தது. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றக் கூடாது, படகை விட்டு நீந்தக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் நெஞ்சளவு நீரிலும் கடைப்பிடிக்கிறேன்.

வைகாசியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும், வெளிக்கடலுக்குப் போனால் என்ன என்று கேட்டேன். பெரியப்பா மறுத்துவிட்டார். முல்லைத்தீவுக் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரம் அலை அடங்கிக் கடல் சாதுவாகத் தெரியும். போவது இலகு, வீடு திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்று.

சென்ற வாரம் அவரே படகில் ஏறி உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை, கயிற்றை இரண்டு விரல்களால் பிடித்து, பாய் படபடக்கும் வரை விட்டு, சற்றே இழுத்தார். நான் ஒரு காலைப்பொழுது முழுதும் உழைத்து எட்டிய இடத்தை மூன்றே திருப்பங்களில் தாண்டினார். இந்தப் பாயின் அடியில், திரும்பும்போதெல்லாம் படகின் குறுக்கே வீசும் மரம் ஒன்று உண்டு; அவருடைய பழைய பாயில் அது இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும், “பெரியப்பா, தலை!” என்று மட்டும் நான் கத்த வேண்டியிருந்தது.