பின்சக்கரம் முதலில், பைகள் பிறகு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சைக்கிளின் பின்கேரியரில் 16 கிலோ பாரம் கட்டிக்கொண்டு நான் முதன்முறை அதில் ஏறியபோது, ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் பின்னால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. போக்ஸ் கம்பி ஒன்று, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவிலேயே அறுந்திருந்தது; சக்கரம் கோட்டமாகி, சுற்றுக்கொரு முறை பிரேக் கட்டையில் உரசியது. மாற்றுக் கம்பி கையில் இருந்தும் பயனில்லை. அறுந்தது செயின் பக்கத்துக் கம்பி என்பதால், பல்சக்கரத் தொகுதியைக் கழற்றாமல் புதியதை நுழைக்க முடியாது. கழற்றும் கருவியை நான் வாங்கியிருக்கவில்லை. அந்தச் சக்கரத்தைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பைகள் மட்டும் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

செயின் பக்கத்துக் கம்பிகள் முதலில் அறுவதற்குக் காரணம் உண்டு. பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அவற்றை மறுபக்கத்தைவிட இறுக்கமாக முறுக்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் பாரத்தோடு ஓட்டிய பழைய பால்காரர் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் இருக்கும். பாரம் எங்கே இறங்குகிறது என்பதை அறிந்து செய்த வண்டி அது. என் சைக்கிளில் இரண்டுக்கும் 32தான். ஊர் திரும்பியதும் 36 துளை ரிம் வாங்கி, கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் கொடுத்துப் பின்சக்கரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த செலவு கியருக்கு. என் பழைய அமைப்பில் முன்னால் 28 பல், பின்னால் 28 பல். அதாவது ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஏறத்தாழ 2.15 மீட்டர் நகரும். பாரத்தோடு மலையேற அது மிக அதிகம். முன்னால் 22, பின்னால் 34 என்று மாற்றிய பிறகு ஒரு மிதிக்கு 1.4 மீட்டர்தான். நடப்பவர் நம்மை முந்திவிடலாம். ஆனால் முழங்கால் மிஞ்சும்.

டியூபைப் பொறுத்தவரை, மெலிந்த வால்வைத் தவிர்த்து, பைக்கில் இருப்பது போன்ற வால்வு உள்ளதையே வாங்குங்கள். எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம்.

பைகளுக்கு விலையைவிட, அவை தொங்கும் இடமே முக்கியம். பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம் குட்டையாக இருந்தால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும். கடையிலேயே பையை மாட்டி மிதித்துப் பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் பாரத்தை முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் ஏற்றத்தில் முன்பக்கம் அலைபாயாது. மழைக்கு நான் இன்றும் நம்புவது, உரச்சாக்கின் உள்ளே வரும் பாலித்தீன் உறையைத்தான். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் சின்னக்கல்லார் பக்கம் போனபோதும் அதற்குள் வைத்த துணிகள் நனையவில்லை.

புதிய சக்கரத்தோடு அதே மலையில் இருமுறை ஏறிவிட்டேன். மாற்றுக் கம்பிகள் மூன்றைச் சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு இதுவரை வேலை வரவில்லை. வெயிலில் டேப்பின் பசை உருகிக் கால்சட்டையில் ஒட்டுவது ஒன்றுதான் தொல்லை.